உன் பெயரில் நான் கொடுத்த வாக்கு

பிள்ளை,

இதை நின்றுகொண்டு வாசியாதே. காலில் ஒட்டிய அட்டைகளைத் தட்டிவிட்டு, நீ தங்குகிற வீட்டுச் சுமனா அக்கா தருகிற தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டு, எங்கேயாவது ஓரிடத்தில் இருந்து வாசி. உன்னோடு வேலை செய்கிற தில்ருக்ஷி நாளைக் காலையில் கொழும்பிலிருந்து சிங்கராஜாக் காட்டுக்குத் திரும்புகிறாளாம். அவளிடம்தான் இதைக் கொடுத்து விடுகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், அம்மாவிடம் போன் இல்லையா என்று நினைப்பாய். போன் இருக்கிறது. தேயிலை மேட்டில் ஏறி நின்றால் உனக்குச் சிக்னலும் கிடைக்கும். ஆனால் உன் குரலைக் கேட்டவுடன் என் வாய் என்னை முந்திவிடும். சாப்பிட்டாயா, தலையைத் துடைத்தாயா என்று தொடங்கி, வெள்ளவத்தைச் சந்தையில் பாரை மீன் விற்கிற விலை வரைக்கும் போய், சொல்ல வேண்டியதை மட்டும் விழுங்கிவிட்டு வைத்துவிடுவேன். செவ்வாய்க்கிழமை அதைத்தான் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை நீ போனில் கூப்பிட்டபோது உனக்கு மூச்சு வாங்கியது. மேட்டில் ஓடி ஏறியிருக்கிறாய். பெரிய காட்டுக்கும், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிற அந்தச் சின்னக் காட்டுத் துண்டுக்கும் இடையில் மரம் நட்டு இரண்டையும் இணைக்கப் போகிறார்கள், அந்த வேலைக்கு உன்னையே பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள், மூன்று வருடத்துக்கு என்றாய். நீ ஆராய்ச்சி செய்கிற உன் தவளைகள் ஒரு காட்டிலிருந்து மற்றக் காட்டுக்கு நடந்து போகும் என்று சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாய். பிறகு சொன்னாய்: "சுதனுக்கு இன்னும் சொல்லேல்லை அம்மா. ஞாயிற்றுக்கிழமை அவையள் எங்கட வீட்டை வரேக்க நேரில சொல்லுறன். அவருக்கும் சந்தோசமா இருக்கும்." நான் நல்லது பிள்ளை என்றேன். அதன் பிறகு மீன் விலை.

சுதனுக்குச் சந்தோசமாக இருக்காது. நீ சொன்னவுடன் அந்தப் பெடியன் திகைத்துப்போய்த் தன் தாயின் முகத்தைப் பார்ப்பான். தாய் என் முகத்தைப் பார்ப்பா. பிழை சுதனிலும் இல்லை, தாயிலும் இல்லை. கலியாணத்தோடு நீ காட்டு வேலையை விட்டுவிடுவாய் என்று நான் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல், உன் பெயரில் கொடுத்தேன். அதை நம்பித்தான் அவர்கள் சம்மதித்தார்கள். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மிச்சமெல்லாம் நான் எப்படி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன் என்கிற கதை. வாசிக்க மனமில்லாவிட்டால் இத்தோடு மடித்து வைத்துவிடு. நான் கோபிக்க மாட்டேன். கோபிக்கிற உரிமை இப்போது எனக்கில்லை.

அவர்கள் முதன்முதலில் கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கள் பிளட்டுக்கு வந்த நாளை நினைத்துப் பார். காலையிலிருந்தே நான் ஒரு நிலையில் இல்லை. பல்கனிக் கொடியில் உன்னுடைய அந்த நீள வெள்ளைக் காலுறைகள், அட்டை ஏறாமல் முழங்கால் வரைக்கும் இழுத்துக் கட்டுகிறவை, காய்ந்துகொண்டிருந்தன. அவற்றைச் சுருட்டி உடுப்புத் துவைக்கிற மெஷினுக்குள் போட்டு மூடினேன். வாசலில் கிடந்த உன் றப்பர்ச் சப்பாத்துகளை, சேறும் சருகுமாக இருந்தபடியே ஒரு கடைப் பையில் கட்டி, குளியலறையில் வாளிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். நீ குளித்துவிட்டு வந்து என்னுடைய சப்பாத்து எங்கே என்று கேட்டாய். தட்டுமுட்டெல்லாம் ஒதுக்கினேன், பிறகு தேடித் தருகிறேன் என்றேன். ஒரு கொலைகாரி கத்தியை ஒளித்து வைக்கிற மாதிரித்தான் ஒளித்து வைத்தேன். இத்தனைக்கும் அந்தச் சப்பாத்து செய்த குற்றம் என்ன, சொல்லு பார்ப்போம்?

வந்தார்கள், இருந்தார்கள். சுதனின் தகப்பனார் உன் அப்பாவோடு புறக்கோட்டை வியாபாரத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். சுதன் ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாய். கரண்டிச் சத்தம் கேட்டது. அப்போதுதான் தாய் என் பக்கம் சரிந்து மெல்லக் கேட்டா: "பிள்ளை காடு வழிய போற வேலையாம். கலியாணத்துக்குப் பிறகும் அப்பிடித்தானோ?" கேள்வியில் குத்தல் ஒன்றும் இல்லை. எந்தத் தாயும் கேட்கிற கேள்விதான். பதில் குசினியில் நின்றது, பிள்ளை. ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பாய். நான் கூப்பிடவில்லை. "சீச்சீ, அது சும்மா படிப்புக்காகப் போறது. கலியாணத்தோட விட்டிடுவா" என்றேன். உங்கள் வாக்குத்தானே என்று அவ கேட்டா. ஓம் என்றேன். பேச்சு முடிவாகி வெற்றிலைத் தட்டு மாற்றியபோது, தட்டின் அந்தப் பக்கத்தை அவ பிடித்திருக்க, இந்தப் பக்கத்தை நான் பிடித்திருக்க, மறக்கமாட்டீர்கள்தானே என்று திரும்பவும் கேட்டா. திரும்பவும் ஓம் என்றேன். பாக்கு ஒன்று உருண்டு நிலத்தில் விழுந்தது. நீதான் குனிந்து எடுத்துத் தட்டில் வைத்தாய்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சொல்வார்கள். உன் தவளைகள் கூட வாயைத் திறந்தால் தங்களுக்காகத்தான் திறக்கின்றன. நான் உன்னுடைய வாயையும் சேர்த்துத் திறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நீயும் சுதனும் வெள்ளவத்தைக் காலி வீதிக் கோப்பிக் கடையில் சந்தித்துவிட்டு வந்தீர்கள். என்ன கதைத்தீர்கள் என்று நான் பூனை மாதிரிச் சுற்றிச் சுற்றி வந்து கேட்டேன். தவளைகளைப் பற்றி நிறையச் சொன்னேன் என்றாய், அவன் விழுந்து விழுந்து சிரித்தான் என்றாய், ஒரு தடையும் சொல்லவில்லை என்றாய். விடப்போகிற ஒரு வேலையைப் பற்றி யார் தடை சொல்லப் போகிறார்கள்? தான் கேட்டது பழங்கதையாகப் போகிற ஒன்று என்று அவன் நினைத்தான். சொன்னது வருங்காலம் என்று நீ நினைத்தாய். இரண்டு பேரும் என்னுடைய பொய்யின் இரண்டு பக்கத்தில் இருந்துகொண்டு கோப்பி குடித்திருக்கிறீர்கள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நீ அவ்வளவு சந்தோசமாக இருந்தாய். அந்த முகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

இது முதல் தரம் அல்ல. பள்ளிக்கூடத்தில் இயற்கைக் கழகம் என்று ஒன்றில் சேர்ந்திருந்தாயே, ஞாபகமா? ஒரு சனிக்கிழமை உங்களைச் சிங்கராஜாவுக்குக் கூட்டிப்போக ஏற்பாடாகியிருந்தது. ஒரு கிழமையாக நீ பையை அடுக்குவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாய். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் உன்னிடம் சொன்னேன், ரீச்சர் போன் எடுத்தவ, மழையால் பயணத்தை நிறுத்திவிட்டார்களாம் என்று. ரீச்சர் எடுக்கவில்லை. நான்தான் அவவுக்கு எடுத்து, உனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். ஒரே நாளில் இரண்டு பேருக்கு இரண்டு பொய். திங்கட்கிழமை உன் சிநேகிதிகள் கணுக்காலில் அட்டை கடித்த தழும்புகளோடு வந்திருப்பார்கள். உனக்குக் காய்ச்சல் சுகமா என்று கேட்டிருப்பார்கள். நீ வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி, பையை வைத்து, கை கழுவி, சோறு சாப்பிட்டாய். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இரண்டு அடி போட்டுக் கத்தி, பிறகு அழுது, அன்றைக்கே அது தீர்ந்திருக்கும். நீ கேட்காமல் விட்டதை இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது சொல்லிப் பார்க்கிறேன். சுவாமி அறையில் உள்ள படத்தில் மீசை அரும்பின ஒரு பெடியன் நிற்கிறான், உன் ரவி மாமா, என் தம்பி. யுத்தத்தில் காணாமல் போனவன் என்று மட்டும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். மிச்சம் சொன்னதில்லை. நாங்கள் இடம்பெயர்ந்து வரும்போது றோட்டால் இளம் பெடியன்களை விடமாட்டார்கள் என்று ஒரு கதை வந்தது. அவன் எங்களை லொறியில் ஏற்றிவிட்டு, தான் காட்டுப் பாதையால் வந்து சேருகிறேன் என்றான். பயப்படாதே அக்கா, காடு என்ன செய்யப்போகுது என்று சிரித்துவிட்டு மரங்களுக்குள் போனவன்தான். அவனுக்கு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காடு வேறு, உன்னுடைய காடு வேறு. அது வறண்ட முள்ளுக்காடு, இது வருடம் முழுக்க மழை சொட்டுகிற காடு. புத்திக்குத் தெரிகிறது. ஆனால் காடு என்ற சொல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் எனக்கு அவன் முதுகுதான் தெரிகிறது. பயம் என்று வாய் திறந்து சொல்லியிருந்தால் நீ என் பக்கத்தில் வந்து இருந்திருப்பாய். நான் அதை ஊர் என்ன சொல்லும், பொம்பிளைப் பிள்ளைக்கு இது அழகா என்று வேறு வேறு உடுப்புப் போட்டு உன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன்.

இதைச் சொல்வது என்னை மன்னிக்கச் சொல்லி அல்ல. தம்பியின் பெயரைச் சொல்லி நான் தப்பிக்கவும் முடியாது. ஏனென்றால் வாக்குக் கொடுத்த நாளில் எனக்கு அந்தப் பயமே இருக்கவில்லை. அதுதான் உண்மை. அந்தப் பயம் போன வருடமே போய்விட்டது, நீ என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாயே, அன்றைக்கு.

கலவானை ஊரைத் தாண்டியதிலிருந்து நான் ஒரே புறுபுறுப்பு. வான் குலுக்குகிறது, இடுப்பு முறிகிறது, இந்த மழைக்குள் மனிசர் இருப்பார்களா, குரங்கு கூட இருக்காது. சுமனா அக்கா வீட்டில் பலாக்காய்ப் பொலோஸ் கறியோடு சோறு போட்டா. அவவோடு நீ மளமளவென்று சிங்களத்தில் கதைத்துச் சிரித்தாய். உன்னை அவ துவ, துவ, மகளே என்றுதான் கூப்பிட்டா. எனக்கு உள்ளுக்குள் ஒரு எரிச்சல். நான் பெற்ற பிள்ளையை மகள் என்று கூப்பிட இவ யார்? அடுத்த நாள் காலையில் எனக்கும் அந்த வெள்ளைக் காலுறையைப் போட்டுக் கட்டி, முழங்காலுக்குக் கீழே சவர்க்காரம் பூசி, கையைப் பிடித்துக் காட்டுக்குள் கூட்டிப்போனாய். வழுக்குகிறது என்றேன், மூச்சு முட்டுகிறது என்றேன், எத்தனை அட்டை என்று கத்தினேன். நீ திரும்பி நின்று, கோபமில்லாமல், "அம்மா, கொஞ்ச நேரம் கதையாமல் நில்லுங்கோ" என்றாய்.

என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. உன் அப்பா நினைத்திருப்பார், சொன்னதில்லை. நான் வாயை மூடினேன். முதலில் என் மூச்சுத்தான் கேட்டது. பிறகு இலையிலிருந்து இலைக்குத் தண்ணீர் சொட்டுகிற சத்தம். பிறகு ஒரு பக்கமாகக் குருவிகள் கூட்டமாக வந்தன. ஒன்றல்ல, பல சாதிக் குருவிகள் ஒன்றாக, முன்னுக்கு ஒரு கறுப்புக் கரிச்சான் கத்திக்கொண்டு போக, பின்னால் செம்மண் நிறத்தில் சளசளவென்று ஒரு கூட்டம், மேலே நீல நிறத்தில் சிவந்த சொண்டோடு நீளவால் ஒன்று. கொழும்பில் கலியாண வீட்டுக்கு ஆட்கள் வந்து இறங்குகிற மாதிரி வந்து, தின்று, கதைத்து, போய்விட்டன. அவை போன பிறகு சின்னதாக ஒரு சத்தம். ரிக், ரிக் என்று, கதவுப் பூட்டில் திறப்பைத் திருப்புகிற சத்தம். நீ என் தோளைத் தொட்டு ஓர் இலையைக் காட்டினாய். அதன்மேல் என் பெருவிரல் நகத்தளவில் ஒரு தவளை. தொண்டை ஊதி ஊதி அடங்கியது. இந்தச் சாதிக்கு வாலோடு நீந்துகிற வாற்பேய்ப் பருவமே இல்லை, ஈர மண்ணில் இட்ட முட்டைக்குள்ளிருந்து முழுத் தவளையாகவே வெளியே வரும், உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று என் காதுக்குள் சொன்னாய். நான் தவளையைப் பார்க்கவில்லை, பிள்ளை. நான் உன்னைப் பார்த்தேன். மழைத் தண்ணீர் நெற்றியால் வழிய, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, தொட்டிலுக்குள் எட்டிப் பார்க்கிற தாய் மாதிரி நின்றாய். இந்தப் பிள்ளைக்கு இங்கே ஒன்றும் நடக்காது என்று எனக்கு அப்போது தெரிந்தது. இது இவளுடைய இடம் என்றும் தெரிந்தது.

தெரிந்த பிறகுதான் நான் அந்த வாக்கைக் கொடுத்தேன். இதை இரண்டு தரம் வாசி. பள்ளிக்கூடத்து நாளில் பயத்தில் பொய் சொன்னேன், அதற்குக் கடவுள் கொஞ்சம் கழித்துக் கொடுப்பார். இந்தத் தரம் பயம் இல்லை. முப்பது கழிந்த பிள்ளை, வந்த சம்பந்தமெல்லாம் தவளை என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிப் போனது, மேல்மாடி அன்ரி லிப்டில் சந்திக்கிறபோதெல்லாம் இன்னும் ஒன்றும் சரிவரவில்லையா என்று கேட்டது, கனடாவில் இருக்கிற உன் பெரியம்மாவுக்கு நீ கம்பஸில் லெக்சரர் என்று நான் சொல்லி வைத்திருந்தது, எல்லாம் சேர்ந்து என்னை அவசரப்படுத்தியது. நல்ல குடும்பம், நல்ல பெடியன், கையை விட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். உன் முகத்தை அந்த இலைக்குப் பக்கத்தில் பார்த்த அதே கண்ணால்தான் சுதனின் தாயைப் பார்த்து ஓம் என்றேன்.

அன்றைக்கு அவர்கள் போன பிறகு, உன் அப்பா கதிரைகளை இழுத்து வைத்துக்கொண்டே, "நீ பிள்ளையைக் கேட்டனியோ?" என்றார். அந்த மனிசனுக்குக் காது மந்தம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், கேட்கக் கூடாதது மட்டும் நன்றாகக் கேட்கும். நான் சீறினேன். "கேட்டா அவள் ஓம் எண்டு சொல்லுவாளோ?" அவர் கதிரையை வைத்துவிட்டுப் பேப்பரை விரித்துவிட்டார். என் பதிலை நானே கேட்டுக்கொண்டு குசினிக்குள் போனேன். கேட்டால் மாட்டேன் என்று சொல்வாய் என்று தெரிந்துதான் கேட்காமல் விட்டேன் என்பதை அந்த ஒரு வசனத்தில் நானே சொல்லிவிட்டேன். உன் அப்பாவுக்கும் எனக்கும் முப்பத்தைந்து வருடமாகக் குடித்தனம் நடக்கிறது. நாங்கள் ஒருவரையொருவர் நேரே கேட்காமல், மற்றவர் என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டே காலத்தைப் போக்கிவிட்டோம். நீ அப்படி வாழாதே. சுதனை நேரே கேள். அவனுக்கும் சொல்லு, உன்னை நேரே கேட்கச் சொல்லி. தாய், மாமி, மச்சாள் வாய் வழியாக வருகிற சம்மதத்தை நம்பாதே. நான் உனக்குத் தரக்கூடிய ஒரேயொரு கலியாணப் புத்தி இதுதான். அதையும் பிழை விட்ட பிறகுதான் படித்தேன்.

நேற்று நான் சீலை உடுத்திக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போக வெளிக்கிட்டேன். நீ வருவதற்கு முன்னால் நானே போய் விழுந்து கும்பிட்டு, வாக்கைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று எண்ணம். பஸ்ஸில் புறக்கோட்டை வரைக்கும் வசனங்களைக் கட்டிக்கொண்டு போனேன். பிள்ளை வேலையை விடமாட்டாள், ஆனால் மாசத்தில் பாதி நாள் கொழும்பில் இருப்பாள், குழந்தை பிறந்த பிறகு முழுதாக வந்துவிடுவாள், அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. இறங்கி, கொட்டாஞ்சேனை பஸ்ஸுக்காக அந்தச் சன நெரிசலில் நிற்கிறபோதுதான் எனக்கு உறைத்தது. மாசத்தில் பாதி நாள் என்று யார் சொன்னது? குழந்தை பிறக்கும் என்று யார் சொன்னது? திரும்பவும் உன் பெயரில் புது வாக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறேன். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது சும்மாவா. பஸ் வந்தது, ஏறாமல் விட்டேன். வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தபோது உன் அப்பா சீலையைப் பார்த்துவிட்டு, போன காரியம் என்னவாயிற்று என்றார். அது என்னுடைய காரியம் இல்லை என்றேன். தலையை ஆட்டினார். இத்தனை வருடத்தில் அவர் என்னோடு ஒத்துப்போன நாட்களில் அதுவும் ஒன்று.

இன்று மத்தியானம் சுதனின் தாய் போன் எடுத்தா. ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வரலாம், வந்து உன்னையும் கூட்டிக்கொண்டு கூறைச் சீலை பார்க்கப் போகலாம் என்று நல்ல சந்தோசமாகக் கதைத்துக்கொண்டு வந்தா. நல்ல மனிசி, அதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசியில் கேட்டா: "பிள்ளை இப்ப அந்தக் காட்டு வேலையை விட்டிட்டாவோ?" என் வாய் ஓம் என்ற சொல்லை உருட்டிக்கொண்டு பல்லு வரைக்கும் வந்துவிட்டது. நான் உன்னை நினைத்தேன். கதையாமல் நில்லுங்கோ என்றாயே, அதை நினைத்தேன். நின்றேன். அவ ஹலோ என்றா, ஹலோ, லைன் வெட்டுப்பட்டுவிட்டதா என்றா. அவ்வளவு நேரம் நான் போனில் கதையாமல் நின்றது இதுதான் முதல் தரம். பிறகு சொன்னேன்.

"அதைப் பிள்ளையிட்டக் கேளுங்கோ."

என்ன என்றா. திரும்பவும் சொன்னேன், அதைப் பிள்ளையைத்தான் கேட்க வேண்டும், அன்றைக்கும் நான் உங்களுக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்குச் சொன்னது என்னுடைய சொல், பிள்ளைக்கு அது தெரியாது என்று. பிறகு, சரி, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டா. கோபமா, கவலையா என்று குரலில் பிடிபடவில்லை. கூறை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கேட்கப் போகிறார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மூன்று வருடமும் காட்டில்தான் என்று சொல்வாயோ, பாதி நாள் என்று சொல்வாயோ, கலியாணமே வேண்டாம் என்று சொல்வாயோ, சுதனை உனக்கு உண்மையாகவே பிடித்திருந்தால் அவனோடு தனியாகக் கதைத்துவிட்டுச் சொல்வாயோ, அது உன்னுடைய பாடு. நீ கதைத்து முடிகிற வரைக்கும் நான் வாயைத் திறக்கமாட்டேன். அதற்குப் பிறகு எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். அப்போது, பொய் சொன்னது நான்தான், பிள்ளையில் ஒரு குற்றமும் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லுவேன். சுதனுக்கும் சேர்த்துச் சொல்லுவேன், அந்தப் பெடியனையும் நான் ஏமாற்றித்தானே வைத்திருந்தேன். அதன் பிறகு நீ என்னோடு எத்தனை நாள் கதைக்காமல் இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். ஆனால் பிள்ளை, அந்தத் திங்கட்கிழமை மாதிரி மட்டும் இருந்துவிடாதே. பையை வைத்து, கை கழுவி, ஒன்றும் கேட்காமல் சோறு சாப்பிட்டுவிட்டுப் போய்விடாதே. வந்து கத்து. நான் நின்று கேட்கிறேன்.

நான் தேடித் தராமலே விட்டு, நீ வேறு சோடியோடு காட்டுக்குப் போன பிறகும் குளியலறையில் வாளிக்குப் பின்னால் கிடந்த பையை இன்று அவிழ்த்தேன். உள்ளே பூஞ்சணம் பிடித்து, சேறு காய்ந்து கல்லாகியிருந்தது. பிரஷ்ஷால் உரஞ்சிக் கழுவினேன். ஒரு சப்பாத்துக்குள் காய்ந்த இலை ஒன்று ஒட்டிக் கிடந்தது, அதை எறிய மனம் வராமல் உன் மேசையில் வைத்திருக்கிறேன். காலுறைகளைத் திரும்பத் துவைத்துப் பல்கனியில், வீதியால் போகிறவர்களுக்கும் தெரிகிற பக்கமாகப் போட்டிருக்கிறேன். சப்பாத்துகளை வாசலில் வைத்துவிட்டேன், உன் அப்பாவின் செருப்புக்கும் என்னுடைய செருப்புக்கும் நடுவில். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து தங்கள் செருப்புகளைக் கழற்றும்போது, அவற்றுக்குப் பக்கத்தில்தான் கழற்ற வேண்டும்.

அம்மா